காட்டுக் குத்தகைக்காரர் கட்டிய மாயக்கோட்டை

மாயக்கதை எழுதுவது சுலபம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சமூக நாவல் எழுதுகிறவன் உலகத்துக்குக் கட்டுப்பட்டவன். பத்து மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய கதாநாயகன் பதினொரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் வாசகர்கள் கடிதம் எழுதிவிடுவார்கள். மாயக்கதைக்காரனுக்கு அந்தக் கவலை இல்லையாம். ரயில் தவறினால் பறக்கும் கம்பளம் இருக்கிறதே! உண்மை இதற்கு நேர்மாறானது. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற கதையில், இருபதாவது அத்தியாயம் வருவதற்குள், எது நடந்தால்தான் என்ன என்ற அலுப்பு எழுதுகிறவனுக்கே வந்துவிடுகிறது. வாசகருக்கு வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள ஒரே நன்மை.

அனுபவத்தைத்தான் சொல்லுகிறேன். மயிலாடும்பாறையில் உட்கார்ந்துகொண்டு, வருசநாட்டு மலைக்குள் மூலவைகை பிறக்கிற இடத்துக்கும் கீழே ஒரு நகரம் இருப்பதாகக் கற்பனை செய்து, மூன்று வருஷமாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். அந்த நகரத்து அரசி சென்ற ஆனி மாதத்திலிருந்து ஒரு குகை வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். உள்ளே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போகச் சொல்லத் தைரியமும் இல்லை. இப்படிப்பட்ட சமயத்தில், முன்னே போனவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று விசாரிப்பது மனித சுபாவம். அவ்வாறு விசாரித்ததில் அகப்பட்டவர்தான் காசியில் வாழ்ந்த தேவகி நந்தன் கத்ரி.

1994-ல் தூர்தர்ஷனில் 'சந்திரகாந்தா' என்ற தொடர் வந்தது. பெயரையாவது பலர் கேட்டிருப்பார்கள். அதற்கு மூலமான நாவலை எழுதியவர் இவர். ஹிந்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவில் இருக்கும் எனக்கு, அந்த மொழி நன்கு தெரிந்த நண்பர் ஒருவர் பாகம் பாகமாகக் கதையை வாய்மொழியாகவே சொல்லிவிட்டார். அது அப்படிக் கேட்க வேண்டிய கதையும்கூட.

கத்ரி 1861-ல் பீகாரில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். முதலில் கற்றது உருதுவும் பாரசீகமும். கயாப் பக்கத்தில் வியாபாரம் பார்த்தார். பின்பு காசிக்கு வந்தார். அங்கே மகாராஜா ஈசுவரி பிரசாத் நாராயண் சிங்கின் தயவு கிடைத்து, சகியா, நௌகட் என்ற இடங்களின் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தார். காசிக்குத் தெற்கே கங்கைச் சமவெளி முடிந்து விந்தியத்தின் கிளைகள் எழும்புகிற பிரதேசம் அது. அருவிகளும் குகைகளும் உண்டு. இடிந்த கோட்டைகள் உண்டு. இளம் வயதுக் குத்தகைக்காரர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இவற்றுக்குள் நாள்கணக்கில் அலைந்தார்.

குத்தகைக்காரர் காட்டைப் பார்ப்பது எப்படி என்பது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடமலைக்குண்டிலிருந்து வருசநாடு வரையில் இலவ மரங்களைக் காய்க்கு முன்பே குத்தகை பேசுகிறவர்களை நான் கவனித்திருக்கிறேன். மரத்தின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் எந்தச் சரிவில் எத்தனை மரம், எதில் காய் பிடிக்கும், எந்த ஓடையைத் தாண்டினால் வண்டி போகாது, எல்லாம் மனப்பாடம். கதைக்காகக் காடு பார்க்கப் போகிற எழுத்தாளனுக்குக் காடு ஒரு பக்கத்தைத்தான் காட்டும். கணக்குக்காகப் போகிறவனுக்கு மிச்சத்தையும் காட்டிவிடுகிறது. கத்ரி போனது கணக்குக்காக.

பிறகு குத்தகை கை விட்டுப் போயிற்று. ஏறக்குறைய இருபத்தேழு வயதில் மனிதருக்கு மிச்சம் இருந்தவை காசியில் ஒரு வீடும் தலைக்குள்ளே ஒரு காடும்தான். 1888-ல் 'சந்திரகாந்தா' எழுதத் தொடங்கினார்.

கதையின் இளவரசன் நௌகட்டைச் சேர்ந்தவன். இளவரசி விஜயகட் கோட்டையில் இருக்கிறாள். எதிரி அரசன் ஆளுவது சுனார். மூன்றும் மெய்யான இடங்கள். கங்கைக்கரையில் பாறைமேல் நிற்கும் சுனார் கோட்டையை இன்றும் போய்ப் பார்க்கலாம். குத்தகை இழந்தவர் தாம் நடந்த தடங்களிலேயே கற்பனைக் குதிரையை ஓட்டினார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அடுத்து என்ன என்று முட்டிக்கொள்ளும்போது அவருக்கு உத்வேகம் தேவைப்படவில்லை, வழி தெரிந்திருந்தது. நௌகட்டிலிருந்து கிளம்பியவன் எந்த மலையைத் தாண்ட வேண்டும், எங்கே இருட்டும் என்பது அவருக்குத் தெரியும்.

மாயத்துக்கு அவர் போட்ட கடிவாளம் இன்னும் விசேஷமானது. அந்த நாளில் லக்னோவில் நவல் கிஷோர் அச்சகம் அமீர் ஹம்ஸாவின் கதைகளை உருதுவில் பெரும் பெரும் புத்தகங்களாக வெளியிட்டு வந்தது. அவற்றில் 'திலிஸ்மே ஹோஷ்ருபா' 1883-லிருந்து வரத் தொடங்கியது. திலிஸ்ம் என்றால் மந்திரவாதிகள் கட்டிய மாயலோகம். ஐயார் என்றால் வேஷம் போட்டு ஏய்க்கும் ஒற்றன். இரண்டையும் கத்ரி எடுத்துக்கொண்டார். ஆனால் ஜின்னையும் மந்திரத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவருடைய திலிஸ்ம், முன்னோர்கள் புதையலைக் காக்கச் செய்துவைத்த பொறிகளின் கூடம். கதவு தானாகத் திறந்தால் உள்ளே ஒரு யந்திரம் உண்டு. ஆள் மயங்கி விழுந்தால் ஐயாரின் தோள்பையில் ஒரு மருந்துப் பொடி உண்டு. காசியில் கங்கைக்குக் குறுக்கே டஃப்ரின் ரயில் பாலம் திறந்தது 1887-ல். அந்த ஊர்க்காரருக்கு யந்திரத்தைவிடப் பெரிய மந்திரம் எதற்கு? எந்த அதிசயத்துக்கும் பின்னால் விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று தமக்குத் தாமே கடன் எழுதிக் கொடுத்துவிட்டார். கடன்பட்டவனுக்கு அலுப்பு வர நேரம் ஏது? நாலு பாகம் 'சந்திரகாந்தா', அதன்மேல் இருபத்துநாலு பாகம் 'சந்திரகாந்தா சந்ததி' என்று கடனை அடைத்துக்கொண்டே போனார்.

வாசகர்களும் அவரை விடவில்லை. அந்தப் பிரதேசத்துக் கோர்ட்டுகளில் நாகரி எழுத்துக்கு அனுமதி கிடைத்ததே 1900-ல்தான். படித்தவர்களில் பலர் உருது எழுத்திலேயே பழகியவர்கள். கத்ரியோ கடைத்தெரு ஹிந்துஸ்தானியில் நாகரி எழுத்தில் எழுதினார். இந்தக் கதையைப் படிப்பதற்காகவே நாகரி கற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் என்று ஹிந்தி இலக்கிய சரித்திரம் எழுதிய ராமசந்திர சுக்லரே ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில், இவை இலக்கியத்தில் சேராது, சம்பவங்களின் விறுவிறுப்புத்தான் என்றும் தள்ளிவிடுகிறார். பண்டிதர்கள் ஒரு கையால் மாலை போட்டு மறு கையால் கழற்றுவது எந்த மொழியிலும் உள்ள வழக்கந்தான். 1898-ல் கத்ரி 'லஹரி' என்று சொந்த அச்சகமே வைத்துவிட்டார். அச்சகத்துக்குத் தீனி போட வேண்டுமே! நம் 'கல்கி' 1950-ல் தொடங்கி மூன்றரை வருஷம் 'பொன்னியின் செல்வ'னை வாரம் தவறாமல் எழுதியதிலும் இந்த நிர்ப்பந்தத்துக்குப் பங்கு இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் டோல்கீன் அப்படி வாரக்கெடு இல்லாதவர். 1937 டிசம்பரில் தொடங்கிய மோதிரக் கதை 1954-ல்தான் புத்தகமாக வெளிவர ஆரம்பித்தது. நடுவில் மோரியா சுரங்கத்தில் பாலின் என்பவனுடைய சமாதியண்டை கதை நின்று, ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படியே கிடந்தது. 1944-ல் தென்னாப்பிரிக்காவில் விமானப்படையில் இருந்த மகனுக்கு அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பினார். ஒரே ஒரு வாசகன் போதுமானவனாக இருந்தான்.

ஆனால் அச்சகமும் வாசகர்களும் காடும் சேர்ந்தாலும் முழு விஷயமும் அதில் அடங்கவில்லை. 'சந்ததி'யில் பூதநாத் என்று ஒரு ஐயார் வருகிறான். கெட்டிக்காரன், எஜமானிடம் விசுவாசம் உள்ளவன், ஆனால் பழைய வாழ்க்கையில் ஏதோ பாவம் செய்துவிட்டு, அது வெளிப்படுமோ என்று நடுங்கிக்கொண்டே திரிகிறவன். இளவரசர்களும் இளவரசிகளும் முதல் பாகத்தில் எப்படியோ கடைசிப் பாகத்திலும் அப்படியே இருக்கிறார்கள். இவன் மட்டும் ஒவ்வொரு தடவை வரும்போதும் வேறாகத் தெரிகிறான். எத்தனை சுரங்கம் தோண்டினாலும் கத்ரிக்கு அகப்படாத ஆழம் இவனிடம் அகப்பட்டுவிட்டது. பூதநாத் தன் சரித்திரத்தைத் தானே எழுத வேண்டும் என்று கதைக்குள் ஏற்பாடு செய்து, இருபத்துநாலு பாகம் எழுதிய கை ஓய்வதற்குள் 1907-ல் 'பூதநாத்' என்ற தனி நாவலைத் தொடங்கினார். குற்றம் செய்த ஒரு மனிதன் தன்னை நல்லவன் என்று நிரூபிக்கப் பார்க்கிறான். இதற்குத் திலிஸ்மும் வேண்டாம், பொடியும் வேண்டாம். இருபது வருஷம் மாயம் எழுதியவரை மேலும் எழுதச் செய்தது மாயம் அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது.

என் குகை வாசலில் நிற்கும் அரசியைப் பற்றி இதற்குப் பிறகு கொஞ்சம் யோசித்தேன். குகைக்குள் என்ன வைக்கலாம் என்று யோசிப்பதை விட்டு, அவள் ஏன் இத்தனை நாளாக உள்ளே போகாமல் நிற்கிறாள் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்று பக்கம் நகர்ந்திருக்கிறது. வருசநாட்டு மலைக்கு இப்போது புலிகள் காப்பகம் என்று பெயர், 2021-லிருந்து. நினைத்தபடி நுழைய முடியாது. இதற்கு முன்பே நடந்த தடங்களை வைத்துத்தான் நான் ஒப்பேற்ற வேண்டும். கத்ரியும் அப்படித்தானே?

'பூதநாத்' ஆறு பாகம் வந்திருந்தபோது, 1913 ஆகஸ்டில், கத்ரி காலமானார். வயது ஐம்பத்திரண்டு. பூதநாத்தின் கணக்குத் தீரவில்லை. மகன் துர்கா பிரசாத் கத்ரி பேனாவை எடுத்துக்கொண்டு, இருபத்தோராம் பாகம் வரையில் எழுதி முடித்தார். தகப்பனார் அலைந்த காடு அவர் குத்தகைக்கு எடுத்த காடு அல்ல. பூதநாத்தும் அவர் படைத்தவன் அல்ல. பிறர் விட்டுப்போன ஒருவனுடைய பாவத்தைப் பதினைந்து பாகம் சுமப்பதற்கு அவருக்கு எங்கிருந்து தெம்பு வந்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

கதை சொன்ன நண்பரிடம், "அப்பா நிறுத்தி மகன் தொடங்குகிற இடம் படிக்கும்போது தெரிகிறதா?" என்று கேட்டேன்.

"அதைப் பார்க்க எனக்கு ஏது நேரம்? பூதநாத் தப்பிப்பானா மாட்டானா என்றல்லவா ஓடிக்கொண்டிருந்தேன்!" என்றார்.