லினக்ஸ்: புதியவர் அறியவேண்டிய பழைய வரலாறு



லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கணிப்பொறியில் முதன்முறையாகத் திறந்து பார்ப்பவர்க்குச் சில ஐயங்கள் தோன்றுவது இயல்பு. பழகிய பொறியில் இருந்த 'சி' வட்டு இதில் எங்கே போயிற்று? சிறியதொரு மென்பொருளைச் சேர்ப்பதற்குக்கூட இது ஏன் கடவுச்சொல் கேட்கின்றது? கட்டளைச் சொற்கள் யாவும் ஏன் இரண்டு மூன்று எழுத்துகளில் முடிந்துவிடுகின்றன? இவற்றிற்குரிய விடை கையேடுகளில் இருப்பதைக் காட்டிலும் வரலாற்றில் தெளிவாக இருக்கின்றது. ஆகவே, லினக்ஸைப் பற்றிப் பேசுமுன், அதற்கு இருபத்திரண்டு ஆண்டு மூத்ததாகிய யூனிக்ஸைப் பற்றிச் சிறிது பேசவேண்டும்.

அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடம் என்பது புகழ்பெற்ற நிலையம். மல்டிக்ஸ் என்னும் மாபெரும் இயங்குதளத்தை வேறு இரு நிறுவனங்களுடன் கூடி அமைக்க அது முயன்றது. வேலை நீண்டுகொண்டே போகவே, 1969-இல் விலகிக்கொண்டது. அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த கென் தாம்சன், அதிகமாக யாரும் பயன்படுத்தாத பி.டி.பி. 7 என்னும் சிறிய பொறி ஒன்றைக் கண்டார். அவ்வாண்டுக் கோடையில் அவர் மனைவி குழந்தையுடன் உறவினரைக் காணக் கலிபோர்னியா சென்றிருந்தார். அந்த மூன்று வாரத் தனிமையில் ஓர் இயங்குதளத்தின் முதல் உருவத்தைத் தாம்சன் எழுதி முடித்தார். டென்னிஸ் ரிச்சி அவருடன் சேர்ந்து அதனை வளர்த்தார். மல்டிக்ஸ் என்னும் பெயரைக் கேலி செய்வதுபோல யூனிக்ஸ் என்னும் பெயர் அமைந்தது. 1973-இல் அது சி என்னும் நிரல் மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதனாலேயே ஒரு பொறியை விட்டு மற்றொரு பொறிக்குக் குடிபெயரும் ஆற்றல் அதற்கு வாய்த்தது.

அக்காலத்தில் பெரும்பாலும் காகிதச் சுருளில் அச்சிடும் டெலிடைப் பொறியின் வாயிலாகவே கணிப்பொறியோடு பேசினர். அது நொடிக்குப் பத்து எழுத்துகளே அச்சிடும், விசைகளோ அழுத்தமானவை. விரல் வலிக்கத் தட்டுவோர் நீண்ட சொற்களை விரும்புவரா? கோப்புகளைப் பட்டியலிட 'எல்எஸ்', படியெடுக்க 'சிபி', இடம் மாற்ற 'எம்வி', நீக்க 'ஆர்எம்' எனச் சுருக்கினர். இன்றும் லினக்ஸின் முனையத்தில் நாம் தட்டுவன இவையே. 'மேன்' என்று தட்டி, ஓரிடைவெளி விட்டு, யாதேனும் ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் விளக்கம் திரையில் வரும். இவ்விளக்கங்களின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3-ஆம் நாளிட்டது. புதியவர் முதலில் கற்கவேண்டிய கட்டளை இதுவே என்பது என் கருத்து. 'ஆர்எம்' கொண்டு நீக்கிய கோப்பு குப்பைக்கூடைக்குப் போவதில்லை, போனது போனதுதான். இதனையும் முதல் நாளே அறிந்துகொள்ளல் நலம்.

மற்றொரு செய்தி. சற்றுப் பெரிய பொறி ஒன்றை வாங்கித்தரும்படி ஆய்வாளர் கேட்டபோது, அலுவலக ஆவணங்களைச் சீராகத் தட்டெழுதும் வசதியை அதில் செய்துதருவதாகக் கூறியே அனுமதி பெற்றனர். அவ்வாறே 1971-இல் பெல் நிலையத்துக் காப்புரிமைப் பிரிவின் தட்டெழுத்தர்கள் யூனிக்ஸைக் கையாளத் தொடங்கினர். ஆய்வாளர் குழுவிற்கு வெளியே அதனைக் கையாண்ட முதல் மக்கள் விஞ்ஞானிகள் அல்லர், அலுவலக எழுத்தர்கள் என்பது கோப்புகளோடே காலங்கழிக்கும் என் போன்றோர்க்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தினர் என்பதனை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் அழித்துவிடலாகாது. ஆகவே ஒவ்வொரு கோப்பிற்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. படிக்கும் உரிமை, எழுதும் உரிமை, இயக்கும் உரிமை ஆகியவை உரிமையாளர்க்கும், அவர் குழுவினர்க்கும், ஏனையோர்க்கும் தனித்தனியே வகுக்கப்படும். எல்லா அதிகாரமும் படைத்தவர் 'ரூட்' என்னும் பயனர். அவ்வதிகாரத்தைத் தேவைப்படும் நேரத்திற்கு மட்டும் இரவல் வாங்கும் 'சூடோ' என்னும் கட்டளை 1980-ஐ ஒட்டி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்தது. வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் கணிப்பொறியிலும் லினக்ஸ் கடவுச்சொல் கேட்பதன் காரணம் இப்போது விளங்கும். இத்தொல்லையை ஒழிப்பதாக எண்ணி எப்போதும் 'ரூட்' ஆகவே உள்நுழைபவர், வீட்டுச் சாவியை வாயிற்படியில் வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவரை ஒப்பர்.

'சி' வட்டு இல்லாமையின் காரணமும் இத்தகையதே. யூனிக்ஸில் கோப்புகள் அனைத்தும் ஒரே மரத்தின் கிளைகள். அம்மரத்தின் வேர் ஒரு சாய்கோட்டினால் குறிக்கப்படும். புதிய வட்டு எதனை இணைத்தாலும் அது தனி மரம் ஆகாது. இருக்கும் மரத்திலேயே ஒரு கிளையாக ஒட்டப்படும். நம்முடைய கோப்புகள் 'ஹோம்' என்னும் கிளையில் நம் பெயரிட்ட அறையில் இருக்கும். வேர் என்பதனையும் ஆங்கிலத்தில் ரூட் என்றே கூறுவர். பயனராகிய ரூட் வேறு, மரத்தின் ரூட் வேறு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இதில் வெவ்வேறாகவே கொள்ளப்படும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி, இந்த வரலாற்றின் உயிரான பகுதிக்கு வருவோம். பெல் நிலையத்தின் உடைமையாளராகிய ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், 1956-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி கணிப்பொறி வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆதலின் யூனிக்ஸை அதன் மூல நிரலுடனேயே பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வழங்கியது. ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்னும் பேராசிரியர் அந்நிரலுக்கு வரிவரியாக உரை எழுதி மாணவர்க்குப் பாடம் சொன்னார். நம் உரையாசிரியர்கள் மூலத்தை முன்வைத்து உரை செய்ததைப் போன்ற பணி அது. ஆனால் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துதல் கூடாது என்றது. லயன்ஸின் உரை ஒளிநகல்களாகக் கைமாறிக் கைமாறி உலாவிற்று; அது முறையாக அச்சேறியது 1996-இல்தான். 1984-இல் ஏ.டி. அண்ட் டி. பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபின் வணிகத் தடை நீங்கியது, யூனிக்ஸ் விலைப்பொருளாயிற்று.

மூலத்தைக் காட்டாமல் பொருளை மட்டும் விற்கும் இவ்வழக்கத்தை எதிர்த்து எழுந்தவர் எம்.ஐ.டி. நிலையத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983 செப்டம்பரில் அவர் 'க்நூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989-இல் பொது உரிம ஆவணம் ஒன்றை வெளியிட்டார். மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், அதன் மூலத்தைப் படித்து மாற்றலாம், பிறர்க்குப் படியெடுத்துத் தரலாம், மாற்றியதையும் பரப்பலாம். ஆனால் அதே உரிமைகளைப் பெறுபவர்க்கும் அளித்தே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் இதனை 'ஃப்ரீ' என்றனர். அம்மொழியில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் அவ்வொரு சொல்லே வழங்குவதால், 'இலவசம் என்று கூறவில்லை' என அவர் ஓயாது விளக்கவேண்டியதாயிற்று. நமக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. 'இலவச மென்பொருள்' வேறு, 'கட்டற்ற மென்பொருள்' வேறு. மொழிபெயர்ப்பு மூலத்தைக் காட்டிலும் தெளிவாக அமைவது அரிது. இஃது அத்தகைய அரிய இடங்களுள் ஒன்று.

ஹாலந்தில் ஆண்ட்ரூ டானன்பாம் என்னும் பேராசிரியர், பாடம் சொல்ல மூலநிரல் இல்லாத குறையை நீக்க, மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி 1987-இல் வெளியிட்டார். அதனைப் பயின்றவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். இருபத்தொரு வயதில், 1991 ஆகஸ்ட் 25-இல், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அது பெரிதாக வளராதென்றும் அவர் மினிக்ஸ் அன்பர்களுக்கு அறிவித்தார். அதற்கு அவர் எண்ணிய பெயர் வேறு. கோப்புகளைத் தம் பொறியில் ஏற்றிவைத்த நண்பர் இட்ட பெயரே லினக்ஸ். 1992-இல் ஸ்டால்மனின் பொது உரிமத்தை அவர் ஏற்றது, பின்னர் நிகழ்ந்தவை அனைத்திற்கும் வழிவகுத்தது. க்நூ திட்டத்தாரிடம் ஏனைய கருவிகள் பெரும்பாலும் ஆயத்தமாக இருந்தன. கருவகம் மட்டும் நிறைவேறவில்லை. டோர்வால்ட்ஸிடம் இருந்ததோ கருவகம் மட்டுமே. இரண்டும் கூடின. 'க்நூ லினக்ஸ்' என்றே கூறவேண்டும் என வாதிடுவோர் பக்கம் நியாயம் உண்டு. நாவிற்கு எளியதையே உலகம் ஏற்றது. 2017 நவம்பர் முதல் உலகின் ஐந்நூறு முதன்மை மீக்கணிப்பொறிகள் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் கருவகமும் அதுவே.

கருவகம் ஒன்றாயினும், அதனைச் சுற்றிக் கருவிகளைச் சேர்த்து வழங்குவோர் பலர். ஒரே அரிசியில் ஒருவர் வீட்டில் பொங்கலும், மற்றொருவர் வீட்டில் புளியோதரையும் ஆவது போல. 1993-இல் தோன்றிய டெபியன், அதனை அடியொற்றி 2004-இல் வந்த உபுண்டு, உபுண்டுவை அடியொற்றிய மின்ட் ஆகியன பெரிதும் வழங்குவன. நம் நாட்டில் சி-டாக் நிலையத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் என்பதும் டெபியன் வழிவந்ததே. கேரளப் பள்ளிகள் பல்லாண்டுகளாக லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை மைய அரசு 2015-இல் அறிவித்தது.

மூலம் திறந்திருப்பதால் நமக்கென்ன என்று சிலர் வினவுவர். யான் முன்னர்ப் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில், தனி நிறுவனமொன்றின் எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள் அடுக்கடுக்காக இருந்தன. அந்நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டது. புதிய பொறியில் அக்கோப்புகளைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகளே தோன்றின. அவற்றுட் பலவற்றை மீண்டும் தட்டெழுதினோம். எழுதியவர் இருந்தார், எழுத்தும் இருந்தது, படிக்கும் சாவி மட்டும் பிறர் கையில் போயிற்று. ஒருங்குறி முறை பரவியபின் இத்துன்பம் பெரும்பாலும் குறைந்துள்ளது. லினக்ஸின் திரைமுகங்களாகிய க்னோம், கேடிஇ இரண்டிலும் பட்டியல்களையும் அறிவிப்புகளையும் தன்னார்வலர் தமிழாக்கியிருக்கின்றனர். சில சொல்லாக்கங்கள் கரடுமுரடானவை என்பேன். ஆனால் பிடிக்காத சொல்லை மாற்றி அனுப்ப நமக்கே உரிமையுண்டு.

வேற்று மாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில் 'விண்டோஸ் 10' உடைய பழைய கணிப்பொறிகள் பல உண்டு. அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. அத்தகைய பொறியில் லினக்ஸை முயல்வோர் முதலில் தம் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்துக்கொள்க. பின்னர், வழங்கலை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே பொறியை எழுப்பிப் பார்க்கலாம். உள்வட்டில் எதுவும் மாறாது. ஒலி, அச்சுப்பொறி, கம்பியில்லா இணையம் ஆகியவை இயங்குகின்றனவா என அப்போதே சோதித்து, நிறைவாயின் நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள்களை இணையத்தில் தேடி அலையாமல் வழங்கலின் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்க. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியைத் திறந்து 'தமிழ் 99' முறையைச் சேர்த்துவிட்டால், அன்று மாலையே ஊருக்கு ஒரு கடிதம் எழுதலாம்.