நீக்கப்பட்ட ஒரு வரி

ஜோ லோ எங்கள் ஊர்க்காரர். 1981ல் பினாங்கில் பிறந்து, சுங் லிங் பள்ளியில் படித்துவிட்டு இங்கிலாந்தின் ஹாரோவுக்குப் போனவர். 1எம்டிபி பேச்சு வந்தால் நாசி கண்டார் கடைகளில் அவருடைய சொகுசுக் கப்பல், பார்ட்டி, ஹாலிவுட் நட்சத்திரங்கள் என்றுதான் கதை ஓடும். எனக்கு அதையெல்லாம் விட ஒரு வரி முக்கியமாகப் படுகிறது. 2009 செப்டம்பர் 26 அன்று நடந்த 1எம்டிபி இயக்குநர் கூட்டத்தில் ஜோ லோவும் இருந்தார் என்கிற வரி. தேசியக் கணக்காய்வாளர் துறை தயாரித்த அறிக்கையில் அது இருந்தது. நாடாளுமன்றக் குழுவின் கைக்கு அறிக்கை போனபோது இல்லை.

அந்தக் கூட்டம் நடந்த சில நாட்களில் 1எம்டிபியின் 70 கோடி அமெரிக்க டாலர் குட் ஸ்டார் என்ற நிறுவனத்துக்குப் போனது. அப்படியென்றால் அந்த அறையில் யார் இருந்தார் என்பது சின்ன விஷயமா?

பொதுக் கணக்குக் குழு, அதாவது பிஏசி, பிரிட்டனிலிருந்து நமக்கு வந்த ஏற்பாடு. அங்கே 1861ல் கிளாட்ஸ்டன் காலத்தில் தொடங்கியது. அரசு செலவழித்த பணத்துக்கு நாடாளுமன்றம் கணக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அதன் தத்துவம். இங்கே மக்களவையின் 77ஆம் நிலை ஆணை பிஏசியை உருவாக்குகிறது. ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் 1952ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சலுகைகள், அதிகாரங்கள் சட்டத்தில் இருக்கிறது. அவையிலும் குழுவிலும் பேசியதற்காக உறுப்பினரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாதபடி அரசியலமைப்பின் 63ஆவது பிரிவு காக்கிறது. காகிதத்தில் பார்த்தால் அசைக்க முடியாத குழு.

நடைமுறையில் என்ன நடந்தது? 2015 ஜூலை 22 அன்று, பிஏசி உறுப்பினர் டோனி புவா வெளிநாடு போகவிடாமல் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். ஜூலை 28 அன்று பிரதமர் நஜிப் அமைச்சரவையை மாற்றினார். பிஏசி தலைவர் நூர் ஜஸ்லான் துணை உள்துறை அமைச்சரானார். இன்னும் மூன்று உறுப்பினர்களுக்கும் அரசில் பதவி கிடைத்தது. அவர்களில் ஒருவர் நம் கெப்பாலா பத்தாஸின் அப்போதைய உறுப்பினர் ரீசால் மெரிக்கான் நைனா மெரிக்கான். அமைச்சராக இருப்பவர் பிஏசியில் இருக்க முடியாது. விசாரணை நின்றது. அக்டோபரில் ஹசான் அரிஃபின் தலைவரான பிறகுதான் நகர்ந்தது. யாரையும் மிரட்டவில்லை, எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. பதவி உயர்வு கொடுத்தே ஒரு குழுவை முடக்கலாம் என்று அன்று தெரிந்தது.

அடுத்தது 2016 பிப்ரவரி 24. அரசின் தலைமைச் செயலாளர் அலி ஹம்சா நடத்திய கூட்டத்தில் கணக்காய்வு அறிக்கையின் சில பகுதிகள் பேசப்பட்டன. பிறகு அவை மாற்றப்பட்டன. கணக்காய்வு அதிகாரி நோர் சல்வானிக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. உள்ளே போன சக ஊழியரின் பென்சில் பெட்டியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து அனுப்பினார். பழைய அறிக்கையை அழிக்கச் சொன்னபோது ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தினார். நான் பொறியியலாளன். எங்கள் வேலையில் ஆய்வறிக்கையைத் திருத்தினால் பழைய பதிப்பு எண்ணும் திருத்தியவர் பெயரும் கூடவே இருக்கும். இங்கே ஒரு தனி மனுஷியின் துணிச்சல்தான் அந்த வேலையைச் செய்தது.

2016 ஏப்ரல் 7ல் பிஏசி அறிக்கை மக்களவைக்கு வந்தது. கணக்காய்வாளரின் அறிக்கையோ அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டப்பட்டிருந்தது. பிஏசி அறிக்கையிலிருந்தும் குட் ஸ்டார் பற்றிய வரிகளைத் தலைவர் எடுத்துவிட்டார் என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளியே வந்து சொன்னார்கள்.

இது மலேசிய வியாதி மட்டும் இல்லை. இந்தியாவின் 2ஜி கூட்டுக் குழுவில் ஆ. ராசா நேரில் வந்து சாட்சி சொல்லத் தயார் என்றார். குழு கூப்பிடவில்லை. எழுத்தில் வாங்கிக்கொண்டு 2013ல் அறிக்கையை முடித்தது. 2017 டிசம்பர் 21ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வரவழைக்கும் அதிகாரம் இருக்கிறவருக்கு வரவழைக்காமல் இருக்கும் அதிகாரமும் இருக்கிறது.

2018 மே மாதம் ஆட்சி மாறியதும் அறிக்கையின் பூட்டு திறந்தது. நவம்பரில் திருத்தங்கள் அம்பலமாயின. நஜிப்பும் 1எம்டிபியின் தலைமை நிர்வாகி அருள் கந்தாவும் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2023 மார்ச் 3ல் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. திருத்தியது குற்றம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் திருத்தப்பட்ட அறிக்கையை வைத்துத்தான் நாடாளுமன்றம் விசாரித்தது என்பது மாறாது.

சலுகை என்றதும் எம்.பி.க்களின் சொந்தச் சொத்து மாதிரி நாம் கோபப்படுகிறோம். உண்மையில் அது நம் சார்பில் கேள்வி கேட்பதற்காகக் கொடுத்த கவசம். கேள்விக்கான காகிதத்தை அரசே தேர்ந்தெடுத்துத் தருமானால் கவசம் இருந்து என்ன? 2018ல் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைப் பிஏசி தலைவராக்கியது நல்ல தொடக்கம். அதற்கு மேலும் ஒன்று வேண்டும்: கணக்காய்வாளரின் முதல் பிரதி, எந்த அமைச்சர் அலுவலகத்தையும் தொடாமல், நேராகக் குழுவின் மேசைக்குப் போக வேண்டும். ஜோ லோ இன்னும் பிடிபடவில்லை. அவர் பிடிபடுகிறாரோ இல்லையோ, அடுத்த அறிக்கையிலாவது வரிகள் பத்திரமாக இருக்கட்டும்.