ஹோய் ஆன்: வண்டல் வளர்த்த தெருக்கள்

மத்திய வியட்நாமில் து போன் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி ஹோய் ஆன் நகரம் அமைந்துள்ளது. சம்பா அரசர்கள் காலத்திலேயே இங்கே துறைமுகம் இருந்தது. அவர்கள் எழுப்பிய மி சோன் சிவன் கோயில்கள் இதே ஆற்றுப் படுகையின் மேற்பகுதியில் உள்ளன. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நுயென் பிரபுக்களின் ஆட்சியில் இது பன்னாட்டுச் சந்தையாக வளர்ந்தது. வாடைக்காற்றில் வந்த சீன, ஜப்பானியக் கப்பல்கள் பட்டு, அகில், இலவங்கப்பட்டை முதலிய சரக்குகளுடன் தென்மேற்குப் பருவக்காற்றில் திரும்பின. காற்று மாறும்வரை காத்திருந்த வணிகர்களுக்கு வீடும் கிடங்கும் தேவைப்பட்டன. பழைய நகரம் அப்படித்தான் உருவானது.

நகரைச் சுற்றிவர ஏற்ற தொடக்கம் மேற்கிலுள்ள ஜப்பானியப் பாலம். இதன் கட்டுமானம் 1593இல் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. ஓடையின்மேல் ஓட்டுக்கூரையுடன் நிற்கும் இப்பாலத்தின் ஒரு முனையில் நாய்ச் சிலைகளும் மறுமுனையில் குரங்குச் சிலைகளும் காவல் இருக்கின்றன. நடுவே சிறு கோயில் ஒன்றும் உண்டு. 1635இல் ஜப்பானியர் வெளிநாடு செல்ல தோக்குகாவா அரசு தடை விதித்ததும் அவர்களின் குடியிருப்பு தேய்ந்தது. சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்தபின் வந்து குடியேறியவர்கள் அவ்விடத்தை நிரப்பினர்.

பாலத்திலிருந்து கிழக்கே செல்லும் டிரான் ஃபூ தெருவில் அச்சீனர்களின் சங்க மண்டபங்கள் வரிசையாக வருகின்றன. குவாங்டோங், ஃபூஜியன், ஹைனான் எனச் சொந்த மண்ணின் பெயரால் ஒவ்வொரு குழுவும் ஒன்றைக் கட்டியது. வழிபாடு, வழக்குத் தீர்ப்பு, புதிதாக வந்தவருக்கு உதவி எல்லாம் அங்கேயே நடந்தன. ஃபூஜியன் மண்டபத்தின் முதன்மைத் தெய்வம் கடலோடிகளைக் காக்கும் தியென் ஹாவ். ஆயிரம் காதம் பார்க்கும் ஒரு துணைவனும், அத்தனை தொலைவிலிருந்து எழும் குரலைக் கேட்கும் மற்றொருவனும் அவளுக்கு இருபுறமும் நிற்கிறார்கள். அதே தெருவில் சந்தைக்கு எதிரே 1653இல் கட்டப்பட்ட குவான் காங் கோயில் உள்ளது.

சந்தையருகே தெற்கே திரும்பினால் முதலில் நுயென் தாய் ஹொக் தெரு, அடுத்து ஆற்றங்கரையை ஒட்டி பாக் டாங் தெரு. ஒரு காலத்தில் டிரான் ஃபூ தெருதான் கரையோரத் தெரு. ஆறு வண்டலைச் சேர்த்துக்கொண்டே தெற்கே விலக, புதுநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் மற்ற இரண்டும் எழுந்தன. இவற்றுக்கு இடையே நிற்கிறது தான் கி வீடு. நுயென் தாய் ஹொக் பக்கம் கடை. ஆற்றுப் பக்கம் படகுச் சரக்கு இறங்கும் வாசல். நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு முற்றம். சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டுவாரியாகக் குறித்திருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் கோடு ஆள் உயரத்தையும் தாண்டுகிறது. பாலத்துக்கு மேற்கேயுள்ள ஃபுங் ஹுங் வீட்டின் மேல்தளத்தில் ஒரு திறப்பு இருக்கிறது. வெள்ளம் வரும்போது கீழே உள்ள சரக்கை அதன் வழியே மேலே ஏற்றிவிடுவார்கள்.

தெருக்களைத் தந்த அதே வண்டல், பெரிய கப்பல்கள் நுழையும் ஆழத்தைப் பறித்தது. பிரெஞ்சுக்காரர்கள் தூரான் எனப்பட்ட டா நாங் துறைமுகத்தை வளர்க்க, வணிகமும் அங்கே போனது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் பணமும் தேவையும் ஹோய் ஆனுக்கு இல்லாமல் போயின. துறைமுகம் கைவிடப்பட்டதால் தப்பிப் பிழைத்த இந்நகரை 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.