டேவிட் அங்கர்

டேவிட் அங்கர் ஓர் அமெரிக்கக் கணினியியலாளர். நிரலாக்க மொழிகளின் வடிவமைப்பு, அவற்றை விரைவாக இயக்கும் நுட்பங்கள், தானியங்கு நினைவக மேலாண்மை ஆகிய துறைகளில் இவர் ஆய்வுகள் செய்துள்ளார். 'தலைமுறைத் துப்புரவு' எனப்படும் குப்பை சேகரிப்புப் படிமுறையை 1984 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ரேண்டல் சிமித் என்பவருடன் இணைந்து செல்ஃப் என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கினார். செல்ஃப் மொழியைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. எனினும் அம்மொழிக்காகக் கண்டறியப்பட்ட நுட்பங்கள் பிற்காலத்தில் ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற பெருவழக்கான மொழிகளின் இயக்கச் சூழல்களில் இடம்பெற்றன.

கல்வியும் பணியும்

அங்கர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சனின் வழிகாட்டலில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். ஸ்மால்டால்க் மொழியை உயர் வேகத்தில் இயக்கும் ஓர் அமைப்பை வடிவமைத்து மதிப்பிடுவதே அந்த ஆய்வின் பொருள். 1985 முதல் 1990 வரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1991 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். 2007 இல் ஐபிஎம் ஆய்வகத்துக்குச் சென்றார்.

பின்னணி

ஒரு நிரல் இயங்கும்போது தரவுகளை வைத்துக்கொள்ள நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறுகிறது. தரவின் தேவை முடிந்ததும் அந்த இடம் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும். சி போன்ற மொழிகளில் இப்பொறுப்பு நிரலரைச் சார்ந்தது. நிரலர் இடத்தை விடுவிக்க மறந்தால் நினைவகம் சிறிது சிறிதாக நிரம்பிவிடும். தேவை முடியும் முன்பே விடுவித்துவிட்டால் நிரல் தவறான தரவைப் படித்து நிலைகுலையும்.

இப்பொறுப்பை மொழியின் இயக்கச் சூழலே ஏற்றுக்கொள்வது குப்பை சேகரிப்பு எனப்படுகிறது. லிஸ்ப் மொழியைப் பற்றி ஜான் மெக்கார்த்தி 1960 இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் முதல் வடிவம் விளக்கப்பட்டது. நிரலால் இன்னும் எட்டக்கூடிய தரவுகள் அனைத்தையும் தேடிக் குறியிட்டு, குறியில்லாதவற்றின் இடத்தை மீட்பதே அம்முறை. அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் மற்றொரு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு தரவையும் எத்தனை சுட்டுகள் சுட்டுகின்றன என எண்ணி வருவதும், எண்ணிக்கை சுழியமானதும் அத்தரவை நீக்குவதும் அம்முறையாகும்.

இரண்டிலும் இடர்ப்பாடுகள் இருந்தன. குறியிடும் முறையில் நினைவகம் முழுவதையும் ஆராயும் வரை நிரல் நின்றுவிடும். எண்ணும் முறையில் நீண்ட இடைநிறுத்தம் பெரும்பாலும் இல்லை. ஆனால் சுட்டு மாறும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைத் திருத்த வேண்டியிருந்தது. மேலும், ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு வளையமாக நிற்கும் பொருள்களின் எண்ணிக்கை ஒருபோதும் சுழியமாவதில்லை. எனவே அவை குப்பையான பின்பும் மீட்கப்படாமல் தங்கிவிடும்.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டால்க் மொழியில் இச்சிக்கல் கடுமையாக வெளிப்பட்டது. ஸ்மால்டால்க்கில் எல்லாத் தரவுகளும் பொருள்களே. நிரல் இயங்கும்போது எண்ணற்ற தற்காலிகப் பொருள்கள் தோன்றி மறைகின்றன. சாளரங்களும் சுட்டியும் கொண்ட திரையின் முன் பயனர் அமர்ந்திருக்கும்போது குப்பை சேகரிப்புக்காகக் கணினி சில நொடிகள் நின்றாலும் வேலை தடைப்படும். அங்கரும் பேட்டர்சனும் பெர்க்லி ஸ்மால்டால்க் என்னும் தங்கள் அமைப்பில் கணினியின் நேரம் எங்கே செலவாகிறது என்பதை ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 1983 இல் ஸ்மால்டால்க் பற்றிய ஒரு தொகுப்பு நூலில் வெளிவந்தது.

தலைமுறைத் துப்புரவு

அங்கரின் படிமுறை ஓர் எளிய கவனிப்பை அடிப்படையாகக் கொண்டது. புதிதாக உருவாகும் பொருள்களில் பெரும்பாலானவை மிக விரைவில் பயனற்றுப் போகின்றன. சில காலம் நிலைத்துவிட்ட பொருள்களோ தொடர்ந்து நீண்ட காலம் நிலைக்கின்றன. பொருள்களின் வயதைக் கருத்தில் கொள்ளும் எண்ணத்தை ஹென்றி லீபர்மன், கார்ல் ஹியூவிட் ஆகியோர் 1983 இல் வெளியிட்டிருந்தனர். அன்றாடப் பயன்பாட்டில் உள்ள ஒரு கணினியில் எளிமையாகவும் விரைவாகவும் செயற்படும் வடிவத்தை அங்கர் அளித்தார்.

இம்முறையில் நினைவகம் புதிய பகுதி, பழைய பகுதி எனப் பிரிக்கப்படுகிறது. பொருள்கள் யாவும் புதிய பகுதியிலேயே பிறக்கின்றன. அப்பகுதி நிறைந்ததும் துப்புரவு தொடங்கும். பயன்பாட்டில் உள்ள புதிய பொருள்கள் மட்டும் 'தப்பியவை' என்னும் வேறோர் இடத்துக்குப் படியெடுக்கப்படுகின்றன. பின்னர் புதிய பகுதி முழுவதும் ஒரே வீச்சில் காலியானதாகக் கொள்ளப்படுகிறது. பல துப்புரவுகளைக் கடந்து பிழைத்த பொருள்கள் பழைய பகுதிக்கு மாற்றப்படுகின்றன.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். புதிய பகுதியில் 10,000 பொருள்கள் உருவாகி, அவற்றுள் 300 மட்டுமே பயன்பாட்டில் இருப்பதாகக் கொள்வோம். படியெடுக்கும் வேலை அந்த 300 பொருள்களுக்கு மட்டுமே. எஞ்சிய 9,700 பொருள்களைத் தொட வேண்டியதில்லை. அதாவது, வேலையின் அளவு குப்பையின் அளவைப் பொறுத்ததன்று. பிழைத்தவற்றின் அளவைப் பொறுத்தது.

பழைய பகுதியில் உள்ள ஒரு பொருள் புதிய பொருள் ஒன்றைச் சுட்டக்கூடும். அத்தகைய சுட்டுகளைத் தேடிப் பழைய பகுதி முழுவதையும் ஒவ்வொரு முறையும் ஆராய்ந்தால் இம்முறையின் பயன் கெட்டுவிடும். ஆகவே பழைய பொருளில் புதிய பொருளின் சுட்டு எழுதப்படும்போதே அப்பழைய பொருள் ஒரு நினைவுப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. துப்புரவின்போது பழைய பகுதியில் அப்பட்டியலைப் பார்த்தால் போதும்.

கவனிக்கத்தக்க இடைநிறுத்தம் எதுவும் இல்லாமல், வழக்கமான முறைகளுக்கு ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கில் இப்படிமுறை வேலையை முடிப்பதாக 1984 ஆம் ஆண்டுக் கட்டுரை கூறியது. புதிய பகுதியில் வளையமாக நிற்கும் பொருள்களும் இதில் மீட்கப்படுகின்றன.

குறைபாடும் திருத்தமும்

எந்த வயதில் ஒரு பொருளைப் பழைய பகுதிக்கு மாற்றுவது என்பது இம்முறையின் கடினமான வினா. மிக விரைவில் மாற்றினால், சற்று நேரத்தில் இறந்துபோகும் பொருள்களும் பழைய பகுதியில் சேர்ந்து மீட்கப்படாமல் தேங்கும். மிகத் தாமதமாக மாற்றினால், ஒரே பொருள் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டு இடைநிறுத்தங்கள் நீளும்.

அங்கரும் பிராங்க் ஜாக்சனும் 1988 இலும் 1992 இலும் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்குத் தீர்வு கூறினர். வயது வரம்பை நிலையாக வைக்காமல், ஒவ்வொரு துப்புரவிலும் பிழைத்தவற்றின் அளவைப் பார்த்து அடுத்த துப்புரவுக்கான வரம்பை மாற்றிக்கொள்வதே அத்தீர்வு. பிழைத்தவை குறைவாக இருந்தால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மிகுதியாக இருந்தால் தேவையான அளவு மட்டும் பழைய பகுதிக்கு அனுப்பப்படும்.

சோர் செயலி

பெர்க்லியில் அக்காலத்தில் பேட்டர்சன் குழுவினர் குறைந்த எண்ணிக்கையிலான எளிய கட்டளைகளைக் கொண்ட ரிஸ்க் செயலிகளை உருவாக்கி வந்தனர். ஸ்மால்டால்க் மொழியை அத்தகைய செயலியில் இயக்கும் சோர் என்னும் திட்டத்தில் அங்கர் பங்கேற்றார். ஸ்மால்டால்க்குக்கு உதவும் எனக் கருதப்பட்ட பல சிறப்பு வன்பொருள் கூறுகள் அச்செயலியில் சேர்க்கப்பட்டன. பின்னர் ஒவ்வொரு கூறும் உண்மையில் எவ்வளவு நேரத்தைச் சேமிக்கிறது என அங்கர் தம் ஆய்வேட்டில் அளந்து பார்த்தார். அவற்றுள் சில மட்டுமே வேகத்துக்குப் பெரிதும் துணைபுரிந்தன. நல்ல மென்பொருள் நுட்பம் இருந்தால் தனிச்சிறப்பான வன்பொருள் பெரும்பாலும் தேவையில்லை என்ற எண்ணம் இவருடைய பிற்கால ஆய்வுகளிலும் தொடர்ந்தது.

செல்ஃப் மொழி

1986 இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் அங்கரும் ரேண்டல் சிமித்தும் செல்ஃப் மொழியை வடிவமைத்தனர். அதன் அடிப்படைகளை விளக்கும் கட்டுரை 1987 இல் வெளிவந்தது.

பெரும்பாலான பொருள் நோக்கு மொழிகளில் முதலில் ஒரு வகுப்பை எழுதி, அதிலிருந்து பொருள்களை உருவாக்க வேண்டும். செல்ஃப் மொழியில் வகுப்புகள் இல்லை. ஏற்கெனவே உள்ள ஒரு பொருளை முன்மாதிரியாகக் கொண்டு அதைப் படியெடுத்தால் புதிய பொருள் கிடைக்கும். ஒரு பொருளிடம் இல்லாத பண்பு அதன் பெற்றோர்ப் பொருளிடம் தேடப்படும். மதிப்பைப் படிப்பது, மாற்றுவது, கூட்டுவது, நிபந்தனையைச் சோதிப்பது என யாவும் பொருள்களுக்கு அனுப்பப்படும் செய்திகளே.

இந்த எளிமைக்கு விலை இருந்தது. இரண்டு எண்களைக் கூட்டுவதற்கும் உரிய செயலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் நிரல் மிக மெதுவாக இயங்கும். இத்தகைய மொழி அழகானதாக இருக்கலாம், ஆனால் நடைமுறைக்கு ஒவ்வாது என்பதே அன்றைய பொதுவான ஐயம். அந்த ஐயத்தைப் போக்கும் பணியே அடுத்த சில ஆண்டுகளில் அங்கரின் குழுவினருக்கு முதன்மையானது.

வேகத்துக்கான நுட்பங்கள்

ஸ்டான்ஃபோர்டில் அங்கரின் மாணவர்களாக இருந்த கிரேக் சேம்பர்ஸ், உர்ஸ் ஹோல்சில் ஆகியோர் இப்பணியில் பெரும் பங்காற்றினர். அவர்கள் உருவாக்கிய நுட்பங்களுள் முதன்மையானவை:

* வரைபடம் (1989): ஒரே முன்மாதிரியிலிருந்து படியெடுக்கப்பட்ட பொருள்களின் அமைப்பு விவரம் ஒரே இடத்தில் வைக்கப்பட்டுப் பகிரப்படுகிறது. வகுப்புகள் இல்லாத மொழியிலும் இதனால் நினைவகம் மிச்சமாகிறது.
* பல்வகை உள்ளிட இடைமாற்றகம் (1991): ஒரு செய்தி அனுப்பப்படும் இடத்தில் முன்பு எவ்வகைப் பொருள்கள் வந்தன என்பது அங்கேயே குறித்துவைக்கப்படுகிறது. மீண்டும் அவ்வகைப் பொருள் வந்தால் தேடல் தேவையில்லை.
* மேம்பாட்டை விலக்கல் (1992): விரைவுக்காக உருமாற்றப்பட்ட குறிமுறையைத் தேவைப்படும்போது மேம்படுத்தப்படாத நிலைக்கு மீட்டு, நிரலர் பிழைதிருத்த வழி செய்கிறது.
* தகவமைத் தொகுப்பு: நிரலை முதலில் விரைவாக, மேம்பாடின்றி இயந்திர மொழிக்கு மாற்றிவிட்டு, அடிக்கடி இயங்கும் பகுதிகளை மட்டும் இயங்கும்போதே மீண்டும் நன்கு மேம்படுத்துகிறது.

1991 அளவில் சில சோதனை நிரல்களில் செல்ஃப், மேம்படுத்தப்பட்ட சி நிரல்களின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை எட்டியது. ஆனால் மேம்படுத்தும் தொகுப்பி எடுத்துக்கொண்ட நேரம் பயனரைக் காக்கவைத்தது. நினைவக மேலாண்மையில் நீக்கப்பட்ட இடைநிறுத்தம் தொகுப்பியின் வடிவில் மீண்டும் வந்தது. தகவமைத் தொகுப்பு இதற்குத் தீர்வாக அமைந்தது. எல்லாப் பொருள்களையும் ஆராயாமல் புதியவற்றை மட்டும் ஆராய்வது போலவே, எல்லாக் குறிமுறையையும் மேம்படுத்தாமல் பயன் மிகுந்தவற்றை மட்டும் மேம்படுத்துவது இதன் வழி.

தாக்கம்

1995 இல் வெளியான 4.0 பதிப்புக்குப் பின் செல்ஃப் மொழியின் வளர்ச்சி பெரிதும் ஓய்ந்தது. அதே ஆண்டில் சன் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டது. செல்ஃப் திட்டத்தில் பணியாற்றிய லார்ஸ் பாக், உர்ஸ் ஹோல்சில் உள்ளிட்டோர் அனிமார்ஃபிக் என்னும் சிறு நிறுவனத்தில் இணைந்து அந்நுட்பங்களை மேலும் வளர்த்தனர். 1997 இல் சன் அந்நிறுவனத்தை வாங்கியது. 1999 இல் வெளியான ஹாட்ஸ்பாட் என்னும் ஜாவா இயக்கச் சூழல் அவ்வழியில் உருவானது. அதன் புதிய பகுதி 'ஏதேன்' எனவும், பிழைத்தவை செல்லும் பகுதிகள் 'தப்பியவை' எனவும் பெயர் பெற்றுள்ளன.

1995 இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக், முன்மாதிரிகளின் எண்ணத்தைச் செல்ஃப் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார். 2008 இல் கூகுள் குரோம் உலாவியுடன் வெளியான வி8 இயக்கச் சூழலை லார்ஸ் பாக் தலைமையிலான குழு உருவாக்கியது. அதில் செல்ஃபின் வரைபட நுட்பமும் தலைமுறைத் துப்புரவும் பயன்படுகின்றன. செல்ஃபுக்காக உருவான மார்ஃபிக் என்னும் வரைகலை இடைமுகம் ஸ்குவீக் மொழிக்குச் சென்றது. சிறுவர்களுக்கான ஸ்கிராட்ச் மொழியின் தொடக்கப் பதிப்புகள் ஸ்குவீக்கில் எழுதப்பட்டவை.

டாட்நெட், ரூபி ஆகியவற்றின் குப்பை சேகரிப்பிலும் தலைமுறைப் பகுப்பு உள்ளது. மிகக் குறைந்த இடைநிறுத்தத்தை நோக்கமாகக் கொண்ட ஜாவாவின் இசட்ஜிசி சேகரிப்பானும் 2023 இல் ஜாவா 21 பதிப்பில் தலைமுறை முறையைப் பெற்றது. எனினும் எல்லா மொழிகளும் இம்முறையைப் பின்பற்றவில்லை. கோ மொழியின் தொகுப்பி குறுகிய கால மதிப்புகள் பலவற்றை அடுக்கிலேயே வைத்துவிடுவதால், அங்கே தலைமுறைப் பகுப்பின் பயன் குறைகிறது. ரஸ்ட் மொழி குப்பை சேகரிப்பையே தவிர்த்து, உடைமை விதிகளைத் தொகுப்பியின் வழியே சரிபார்க்கிறது. நீண்ட காலம் தங்கிப் பின்னர் ஒருசேர இறக்கும் பொருள்கள் மிகுந்த நிரல்களில் தலைமுறைத் துப்புரவு குறைந்த பயனையே தரும்.

பிற்கால ஆய்வு

ஐபிஎம் ஆய்வகத்தில் பல கோர்களைக் கொண்ட செயலிகளில் பொருள் நோக்கு மொழிகளை இயக்குவது குறித்து அங்கர் ஆராய்ந்தார். சாம் ஆடம்ஸ் என்பவருடன் இணைந்து ஸ்மால்டால்க் இயக்கச் சூழல் ஒன்றை அத்தகைய செயலிக்கு ஏற்ப அமைத்தார். அது பற்றிய கட்டுரை 2009 இல் வெளியானது. எல்லாத் தரவுகளையும் பூட்டிப் பாதுகாப்பதால் வேகம் குறைகிறது. ஆகவே சில பயன்பாடுகளில் சிறு பிழைகளை அனுமதித்துப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்ற கருத்தையும் இவர் முன்வைத்தார்.

விருதுகள்

* 1986 – கணினிப் பொறிமைச் சங்கத்தின் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான விருது.
* 2006 – 1987 ஆம் ஆண்டுச் செல்ஃப் கட்டுரை, ஊப்ஸ்லா மாநாட்டின் மிகுந்த தாக்கம் விளைவித்த கட்டுரைகளுள் ஒன்றாகத் தேர்வு பெற்றது.
* 2009 – பொருள் நோக்கு நிரலாக்கத்துக்கான பங்களிப்புகளுக்காக டால்–நைகார்ட் பரிசு.