அச்சாரம் திரும்ப வராதா? ஒப்பந்த ஷரத்துகளை அறிவோம்

வீடு, மனை வாங்கும்போது எழுதும் கிரய ஒப்பந்தங்களில் 'ஷரத்து' என்ற சொல் அடிக்கடி வரும். 'ஷர்த்' என்ற அரபுச் சொல்தான் இப்படி மாறியிருக்கிறது. தொழுகைக்கு உளூ ஷர்த்து என்று மத்ரஸாவில் படித்தோமே, அதே சொல். உளூ இல்லையேல் தொழுகை கூடாது. ஆனால் பத்திரத்தில் எழுதும் எல்லா ஷரத்துக்கும் அந்த வலு கிடையாது.

'குறித்த கெடுவுக்குள் பாக்கித் தொகை தராவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படமாட்டாது' என்ற ஷரத்தையே எடுத்துக்கொள்வோம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி பணம் போனதுதான் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 1963இல் பதே சந்த் வழக்கில், வாங்குபவர் 1,000 ரூபாய் அச்சாரமாகவும் 24,000 ரூபாய் பின்னரும் கொடுத்திருந்தார். அச்சாரம் 1,000 போகலாம், 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே எது அச்சாரம், எது விலையின் ஒரு பகுதி என்பதைத் தனித்தனியே எழுதி வாங்குவது அவசியம். வழக்குப் போட்டுப் பணத்தை மீட்க ஆண்டுகள் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மார்க்கச் சட்டத்தில் இது 'உர்பூன்' எனப்படும். வியாபாரம் முறிந்தால் அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளும் ஷரத்தை ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. பரீரா (ரலி) அவர்களை விடுதலை செய்ய அன்னை ஆயிஷா (ரலி) முன்வந்தபோது, உரிமையாளர்கள் வாரிசுரிமை தங்களுக்கே என்று ஷரத்து வைத்தார்கள். அல்லாஹ்வின் வேதத்தில் இல்லாத ஷரத்து நூறு இருந்தாலும் செல்லாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. இதைக் காட்டி, வாங்குபவர் விருப்பம்போல் வாக்கு மாறலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்குர்ஆன் 5:1 கட்டளையிடுகிறது.

கடன் பற்றிய 2:282 வசனத்தில், கடன் வாங்குபவரே வாசகத்தைச் சொல்ல, எழுத்தர் எழுத வேண்டும் என்கிறான் அல்லாஹ். நாமோ பத்திர எழுத்தர் நீட்டிய தாளைப் படிக்காமலே கையெழுத்திடுகிறோம்.

வில்லங்கம் தெரியவந்தால் முன்பணம் முழுவதும் எத்தனை நாளில் திரும்ப வரும், வங்கிக் கடன் தாமதமானால் கெடு எவ்வளவு நீட்டப்படும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் வாய்மொழியாக 'பார்த்துக்கலாம் பாய்' என்றால், அதையும் எழுத்தில் கேளுங்கள்.