நேராக அடித்த பந்து ஏன் வளைகிறது? கோல்ஃப் ஸ்லைஸும் கடலூரில் இறந்த ஒரு பீரங்கிக் கணக்காளரும்

கோல்ஃப் பழக ஆரம்பித்த யாரிடம் பேசினாலும் புலம்பல் ஒன்றுதான். "நேராத்தான் சார் அடிக்கிறேன். பாதி தூரம் போனதும் பந்து வலது பக்கம் ஓடிடுது." வலது கைக்காரர்களுக்கு வரும் இந்த வியாதிக்கு ஸ்லைஸ் என்று பெயர். இடது பக்கம் வளைந்தால் ஹூக். ஹூக்கைவிட ஸ்லைஸ்தான் பரவலான வியாதி. இதற்கு மருந்து சொல்லும் யூடியூப் வீடியோக்களை எண்ணி மாளாது. பாதி வீடியோக்கள் மீதிப் பாதிக்கு நேர் எதிராகச் சொல்லும்.

எனக்கு இதில் பிடித்த பகுதி மருந்து அல்ல, நோயின் வரலாறு. பந்து ஏன் வளைகிறது என்பதை முதன்முதலில் சோதனை செய்து காட்டியவர் கோல்ஃப் ஆட்டக்காரர் இல்லை. துப்பாக்கிக் குண்டை ஆராய்ந்தவர். அவர் இறந்தது நம்ம கடலூரில்.

(ஒரு சின்னக் குறிப்பு. கோல்ஃபில் அடிக்கும் கழிக்கும் கிளப் என்றுதான் பெயர், ஆடப்போகும் இடமும் கிளப்தான். குழப்பம் வேண்டாம் என்று கழியை இங்கே மட்டை என்றே எழுதுகிறேன். பந்தில் படும் தட்டையான பக்கம் மட்டையின் முகம்.)

முதலில் நியூட்டன். 1672-இல் ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்தில், போகிற போக்கில், சாய்த்துப் பிடித்த ராக்கெட்டால் அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பதாகக் குறிப்பிடுகிறார். பந்தின் ஒரு பக்கம் காற்றை அதிகமாக அழுத்துகிறது, காற்றும் அந்தப் பக்கம் அதிகமாகத் திருப்பித் தள்ளுகிறது என்பது அவருடைய விளக்கம். அவருக்கு அது வெறும் உவமை. சொல்லிவிட்டு ஒளிக்குத் திரும்பிவிட்டார்.

அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். போரே கூடாது என்னும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்துவிட்டு, 1742-இல் 'பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்' என்ற புத்தகத்தை எழுதினார். குண்டின் வேகத்தை அளக்க ஊசல் ஒன்றைச் செய்தவரும் இவர்தான். பெரிய மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவார். காற்றின் தடை எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரியவந்தது.

அவரை உறுத்திய இன்னொரு விஷயம், குண்டுகள் குறி தவறுவது. துப்பாக்கியை அசையாமல் கட்டிவைத்துச் சுட்டாலும் ஒரு குண்டு இடது பக்கம் போகும், அடுத்தது வலது பக்கம் போகும். அதுவும் நேர்கோட்டில் விலகாமல் போகப் போக வளையும். குழாய்க்குள் உருண்டு வரும்போது குண்டுக்கு ஏதோ ஒரு பக்கம் சுழற்சி ஏற்படுகிறது, அந்தச் சுழற்சிதான் காற்றில் அதை வளைக்கிறது என்றார் ராபின்ஸ்.

நிரூபிக்க அவர் செய்த சோதனை ஒன்று 1747-இல் ராயல் சொசைட்டிக்கு வந்தது. துப்பாக்கிக் குழாயின் நுனியை மட்டும் சில டிகிரி இடது பக்கம் வளைத்தார். குண்டு நுனி காட்டும் திசையில், அதாவது இடது பக்கம் கிளம்பும். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் வளைந்த இடத்தில் குண்டு குழாயின் வலது சுவரோடு உரசி உருளும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். ராபின்ஸ் சொன்னது சரியென்றால், இடது பக்கம் கிளம்பிய குண்டு வலது பக்கம் திரும்ப வேண்டும். சுடும் கோட்டில் வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தி, எங்கெங்கே ஓட்டை விழுகிறது என்று பார்த்தார். அருகிலிருந்த திரைகளில் ஓட்டை இடது பக்கம் இருந்தது. தூரத்தில் குண்டு கோட்டைத் தாண்டி வலது பக்கம் போய் விழுந்தது.

கோல்ஃப் ஆடுபவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள். இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வளைவது. இது அப்பட்டமான புல் ஸ்லைஸ்! ஞாயிற்றுக்கிழமை எந்த மைதானத்திலும் பார்க்கலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ராபின்ஸ் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்ததுதான். பந்து எந்தத் திசையில் கிளம்பியது என்பது ஒன்று. கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் வளைந்தது என்பது வேறு. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

இவ்வளவு தெளிவான சோதனை இருந்தும் ராபின்ஸ் பெயர் ஏன் நிலைக்கவில்லை? ஆய்லரைச் சொல்லலாம். 1745-இல் ராபின்ஸின் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் சாட்சாத் லெயோன்ஹார்ட் ஆய்லர். மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான குறிப்புகளைச் சேர்த்து, புத்தகத்துக்கு ஐரோப்பா முழுக்க மதிப்பு வாங்கிக்கொடுத்தார். ஆனால் சுழற்சி விஷயத்தை மட்டும் ஏற்கவில்லை. குண்டு சரியான உருண்டையாக இல்லாததுதான் வளைவுக்குக் காரணம் என்றார். அந்தக் காலத்தில் ஆய்லர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் ஏது? நூறு வருடம் கழித்து 1852-இல் பெர்லினில் ஹைன்ரிஷ் குஸ்தாவ் மேக்னஸ் அதே விளைவை ஆய்வகத்தில் காட்டினார். அவரையும் அதற்குள் இழுத்தது பீரங்கிக் குண்டுகளின் விலகல்தான். பெயர் மேக்னஸ் விளைவு என்று நிலைத்துவிட்டது. சிலர் மட்டும் நியாயமாக ராபின்ஸ்–மேக்னஸ் விளைவு என்கிறார்கள். அஸ்வின் வீசும் பந்து காற்றில் மெல்ல வெளியே நகர்ந்து, தரையில் பட்டதும் உள்ளே திரும்புமே, அந்த முதல் நகர்வும் இதுதான்.

ராபின்ஸ் நம்ம ஊருக்கு எப்படி வந்தார்? 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைச் சுலபமாகப் பிடித்துவிட்டார்கள். உடன்படிக்கைப்படி 1749-இல் அது கம்பெனிக்குத் திரும்பக் கிடைத்தது. இந்தியாவிலுள்ள கோட்டைகளைச் சீர்செய்யக் கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750 ஜூலையில் அவர் வந்து இறங்கிய இடம் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டை. சென்னை கைமாறியதிலிருந்து மாகாணத் தலைமையிடம் அங்கேதான் இருந்தது. சென்னைக்கும் செயின்ட் டேவிட்டுக்கும் திட்டங்கள் போட்டார். வந்த சில மாதங்களிலேயே காய்ச்சல். தேறினார், ஆனால் உடம்பு பழைய நிலைக்கு வரவில்லை. 1751 ஜூலை 29 அன்று அந்தக் கோட்டையிலேயே இறந்தார். வயது 44.

அவரோடு வந்த இளைஞர் ஜான் கால் பிற்பாடு சென்னையின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட்டைப் பிடித்து இடித்துத் தள்ளினார். கெடிலம் ஆற்றுப் பக்கம் மிச்சம் மீதி இன்றும் இருக்கிறது. அதே லாலி அந்த ஆண்டுக் கடைசியில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். அது விழவில்லை. இரண்டு மாதத்தில் திரும்பிப் போனார்.

தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் போனால் கிண்டிக்கு முன்னால் வருகிற பரங்கிமலை பின்னர் மதராஸ் ஆர்ட்டிலரியின் தலைமையிடமானது. பீரங்கிக் கணக்கு தெரிந்தவர்கள் இருந்த ஊர். அடுத்த ஸ்டேஷனான கிண்டியில், ரேஸ் கோர்ஸ் ஓடுபாதைக்கு உள்ளேயே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். (அந்த நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து கையகப்படுத்தியது தனிக் கதை.) குண்டு வளைவதும் பந்து வளைவதும் அடுத்தடுத்த ஸ்டேஷன் சமாச்சாரம் என்று எனக்குத் தோன்றும்.

கோல்ஃப் உலகத்துக்கு இந்த அறிவு வந்தது மிகத் தாமதமாக. 1848 வாக்கில் மலேயா மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் பந்து செய்ய ஆரம்பித்தார்கள். (1871-இல் திறந்த சென்னை–பினாங்கு கடலடித் தந்திக் கம்பிக்கு உறையும் அதே பால்தான்.) புதுப் பந்து வழுவழுப்பாக இருந்தால் சட்டென்று கீழே விழுந்தது. அடிபட்டு வடுப்பட்ட பழைய பந்து நன்றாகப் பறந்தது. உடனே ஆட்கள் சுத்தியலால் தட்டி வடுப் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். இன்றைய குழிகள் 1905-இல் வில்லியம் டெய்லர் வாங்கிய காப்புரிமையிலிருந்து வந்தவை. 1890-களில் எடின்பரோ பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட், பந்து தூரம் போவதற்கே பின்சுழற்சிதான் காரணம் என்று காட்டினார். பந்தோடு ஒரு நாடாவைக் கட்டி, பறந்த பிறகு அதில் எத்தனை முறுக்கு என்று எண்ணினார். இந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் இரண்டு முறை பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன்.

இவ்வளவுக்குப் பிறகும் பயிற்சிப் புத்தகங்கள் பல பத்தாண்டுகள் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தன. மட்டை வீசும் பாதையில் பந்து கிளம்பும், கடைசியில் முகம் பார்க்கும் திசையில் போய்ச் சேரும் என்பது பாடம். உண்மை கிட்டத்தட்டத் தலைகீழ். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது. இரும்பு மட்டைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு, டிரைவரில் அதற்கும் மேல். முகத்துக்கும் பாதைக்கும் இடையே உள்ள கோணம் வளைவைத் தருகிறது. 1968-இல் காக்ரனும் ஸ்டாப்ஸும் எழுதிய ஆராய்ச்சிப் புத்தகத்திலேயே இந்த இயற்பியல் இருக்கு. 1990-களில் ஜோர்கென்சன் என்ற இயற்பியலாளர் இதற்கு வடிவியல் படமும் போட்டுக்கொடுத்தார். ஆனால் 2003-இல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்தின் ரேடார் கருவிகள் மைதானத்துக்கு வந்த பிறகுதான் பயிற்சியாளர்கள் நம்பினார்கள்.

தப்புப் பாடத்தால் என்ன நஷ்டம்? ஸ்லைஸ் அடிப்பவர் பந்து வலது பக்கம் போகிறதே என்று உடம்பை இடது பக்கம் திருப்பி நிற்பார். வீச்சுப் பாதை இன்னும் இடது பக்கம் போகும். முகத்துக்கும் பாதைக்கும் இடைவெளி கூடும். ஸ்லைஸ் பெரிதாகும். இன்னும் திரும்பி நிற்பார். பக் எங்கே இருக்கு என்று பார்க்காமல் பேட்ச் மேல் பேட்ச் போடுவது எங்கள் தொழிலிலும் உண்டு.

ராபின்ஸ் முறையில் பார்த்தால் லாக் படிப்பது மாதிரிதான். முதல் 20 கெஜத்தில் பந்து எந்தப் பக்கம் கிளம்பியது என்று மட்டும் முதலில் கவனியுங்கள். அது முகத்தைச் சொல்லும். வலது பக்கமே கிளம்பினால் முகம் திறந்திருக்கிறது. அப்போது கைப்பிடியைப் பார்க்க வேண்டும். மேல் கையைப் பிடியின் மேல் சற்று வலது பக்கம் திருப்பி, மேலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல்முட்டிகள் தெரியும்படி பிடித்தாலே பலருக்கு முகம் மூடும். இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வளைந்தால் அது ராபின்ஸின் வளைந்த குழாய். பாதை வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது. பந்துக்கு வெளிப்புறம், ஒரு சாண் பின்னால், காலி அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, அதில் படாமல் வீசிப் பழகச் சொல்வார்கள். நேராகக் கிளம்பி வளைந்தால் முகம் சரி. பாதையை மட்டும் தொடுங்கள், கைப்பிடியை விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் பந்து முகத்தின் நடுவில் பட்டால்தான் பொருந்தும். டிரைவரில் முகத்தின் உள்பக்கம், கழி சேரும் இடத்தருகே பட்டால், மட்டை ஒரு பக்கம் திரும்ப, பல்சக்கரம் மாதிரி பந்து எதிர்ப்பக்கம் சுழன்று வலது பக்கம் வளையும். வீச்சில் குறையே இல்லாவிட்டாலும் வளையும். அதை ஓரளவு ஈடுகட்டத்தான் டிரைவர் முகத்தைத் தட்டையாக விடாமல் சற்றுப் புடைப்பாகச் செய்கிறார்கள். ஆகவே எதையும் மாற்றும் முன் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தடவிப் பத்துப் பந்து அடித்து, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.