துன்புறுத்தலுக்கு உள்ளான குழந்தை மனம் தேறுதல்: வழிபாடும் மரபும் எந்த அளவு துணை செய்யும்?

செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில், நன்றாக இருந்த குழந்தை திடீரெனப் பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ, இரவில் அலறி எழுந்தாலோ, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கினாலோ வீட்டார் முதலில் நாடுவது பெரும்பாலும் மருத்துவமனையை அல்ல. "எங்கேயோ பயந்திருக்குது" என்று மந்திரிக்க அழைத்துச் செல்கின்றனர். சிலர் அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் செல்கின்றனர். சிலர் தர்காவில் ஓதிக் கயிறு கட்டுகின்றனர். சிலர் தேவாலயத்தில் ஜெபம் செய்யச் சொல்கின்றனர். இவற்றைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஆயினும், குழந்தை எதைக் கண்டு பயந்தது, யாரைக் கண்டு பயந்தது என்ற கேள்வி தாயத்துடன் நின்றுவிடக் கூடாது.

மேற்கூறிய மாற்றங்கள் யாவும் பாலியல் துன்புறுத்தலைக் குறிப்பவை அல்ல. தேர்வு அச்சம், வீட்டுச் சண்டை, நெருங்கியவரின் மரணம் ஆகியவற்றாலும் அவை ஏற்படலாம். ஒரு குறிப்பிட்ட நபரையோ இடத்தையோ குழந்தை விடாமல் தவிர்த்தாலும், பிறப்புறுப்பில் வலி, காயம், இரத்தக்கசிவு இருந்தாலும், வயதுக்குப் பொருந்தாத பாலியல் சொற்களைப் பேசினாலும் தாமதிக்காமல் விசாரிக்க வேண்டும். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். துன்புறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

பரிகாரத்துக்கு முன் பரிசோதனை

நடந்ததைக் குழந்தை சொன்னவுடன் பல தாய்மார்கள் செய்யும் முதல் செயல், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி உடை மாற்றுவது. அன்பினால் செய்வதுதான். ஆனால் அதனால் தடயங்கள் அழிகின்றன. அதைவிட மேலாக, "என் உடம்பு தீட்டாகிவிட்டது" என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் பதிகிறது. எனவே குளிப்பாட்டாமல், அணிந்திருந்த உடையுடனோ அவ்வுடையைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டோ அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். ஏற்கெனவே குளிப்பாட்டியிருந்தாலும் தயங்காமல் வரவும். சில நாள்கள் கடந்திருந்தாலும் வரவும்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு. பூப்பெய்திய சிறுமிக்கு அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாள்களுக்குள் தர வேண்டும். எவ்வளவு முன்னதாகத் தருகிறோமோ அவ்வளவு நல்லது. அடுத்த அமாவாசை வரை காத்திருந்தால் இவ்வாய்ப்புகள் கைநழுவும். சிகிச்சை இலவசம். முதல் தகவல் அறிக்கை இல்லை என்ற காரணத்தால் சிகிச்சையை மறுக்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்; பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம். "இருவிரல் பரிசோதனை" செய்யக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மீண்டும் உறுதிப்படுத்தியுள்ளது.

வழிபாடு துணையாகும் இடம்

அதிர்ச்சிக்குப் பின் குழந்தைக்கு உலகம் ஒழுங்கற்றதாகத் தோன்றும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலையே பாதி நோய். மாலையில் பாட்டி விளக்கேற்றுவது, வெள்ளிக்கிழமை வாசலில் கோலமிடுவது, மதரசாவிலிருந்து திரும்பியதும் தாத்தாவுடன் அமர்வது, ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவில் நிற்பது என நாள் தவறாமல் நிகழும் எந்தச் சிறு செயலும் அவ்வொழுங்கைச் சிறிது சிறிதாக மீட்டுத் தருகிறது. இவை "அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை" எனப்படும் உளவியல் சிகிச்சைக்கு மாற்று அல்ல. ஆனால் அச்சிகிச்சையில் கற்பிக்கப்படும் மனத்தளர்வுப் பயிற்சிக்கு நல்ல துணை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அவரவர் சமயத்தில் பழகிய சொல்லை மெல்ல உச்சரித்து மூச்சைச் சீராக்கும் முறையைத் தம் சிகிச்சையில் பயன்படுத்தினார். "ஓம்" சொல்லிப் பழகிய குழந்தை அதையே சொல்லலாம். ஜெபமாலையோ திக்ரோ பழகியிருந்தால் அதுவும் ஏற்றதே. சமய நம்பிக்கை இல்லாத வீட்டில் ஒரு பாட்டின் அடி போதும்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. தேர்வு குழந்தையுடையதாக இருக்க வேண்டும். தன் விருப்பத்துக்கு மாறாகத் தன் உடல் கையாளப்பட்டதே அக்குழந்தையின் காயம். அது மறுத்தபின்னும் கையைப் பிடித்து விபூதி பூசுவதும், பிறர் காலில் விழச் செய்வதும், மொட்டை அடிப்பதும் அதே காயத்தைக் கீறுவதாகும். "கோயிலுக்குப் போலாமா, வேணாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிறகு அதுவே கேட்கக்கூடும்.

மேல்மலையனூருக்குச் செல்வதானால், நள்ளிரவுக் கூட்டம் நெருக்கும் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்தையும், மாசி மாத மயானக்கொள்ளையையும் தவிர்த்து, சாதாரண நாளின் காலைப்பொழுதில் செல்வது நல்லது. உடலோடு உடல் உரசும் கூட்டமும் பேரொலியும் அடங்கியிருந்த அச்சத்தை எழுப்பிவிடும்.

கூத்தைப் பற்றியும் பெற்றோர் கேட்கின்றனர். திரௌபதி அம்மன் வழிபாட்டின் தொன்மையான இடமாகக் கருதப்படும் மேலச்சேரி, செஞ்சிக்கு அருகிலேயே உள்ளது. இப்பகுதியின் பாரத விழாக்களில் துகிலுரிதல் கூத்து தவறாது இடம்பெறும். சிறு குழந்தைகளை அன்றிரவு அழைத்துச் செல்ல வேண்டாம். வளர்ந்த பிள்ளைகள் தாமாக அக்கதையைப் பேசினால் தடுக்க வேண்டாம். அக்கதையில் வெட்கப்பட வேண்டியவர்கள் இழுத்து வந்தவனும் வாய்மூடி அமர்ந்திருந்த சபையோருமே. திரௌபதியை இவ்வட்டாரம் தெய்வமாகத்தான் வணங்குகிறது. இதை ஒரு பதினான்கு வயதுப் பெண் பாட்டியின் வாயால் கேட்பது, மருத்துவர் கூறும் ஆறுதலைவிட ஆழமாகப் பதியலாம்.

"சாமி ஏன் என்னைக் காப்பாத்தல?" என்ற கேள்விக்குப் பெரியவர்கள் அஞ்சுகின்றனர். விடை தெரிந்தாக வேண்டும் என்பதில்லை. "எனக்குத் தெரியல, கண்ணு. ஆனா நடந்ததுக்கு நீ காரணம் இல்ல. நீ சொன்னது ரொம்ப நல்லது. இனி நாங்க பாத்துக்குவோம்" என்பது போதுமான மறுமொழி. "எல்லாம் முன்வினை" என்ற சொல்லை மட்டும் எவரும் சொல்ல விடாதீர்கள். துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னாலும், குழந்தையின் காதில் அது தண்டனையாகவே விழும்.

தீங்காகும் இடம்

பேய் பிடித்ததாகக் கருதி வேப்பிலையாலோ சாட்டையாலோ அடிப்பது, பட்டினி போடுவது, புகையிடுவது, கட்டி வைப்பது ஆகியவை மீண்டும் ஒரு துன்புறுத்தலே. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. இன்று அதே ஏர்வாடியில் பிரார்த்தனையுடன் அரசு மனநல சிகிச்சையும் கிடைக்கிறது. இரண்டும் பகைக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று.

தனியறையில் குழந்தையை மட்டும் விட்டுவிட்டு வெளியே நிற்கும்படி எந்தப் பூசாரியோ, போதகரோ, ஓதுபவரோ, சாமியாரோ கூறினால் உடன்படாதீர்கள். நல்லவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம் வாங்குவது, கோயிலில் சத்தியம் செய்ய வைத்து முடித்துக்கொள்வது, "மன்னித்துவிடு" என்று குழந்தையிடம் கேட்பது, துன்புறுத்தியவனுக்கே மணம் முடிக்கப் பேசுவது ஆகியவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. போக்சோ சட்டம், 2012-இன்படி இது சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றம் அன்று. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மருத்துவரும் அர்ச்சகரும் இதற்கு விலக்கல்லர். தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ, சீருடை அணியாத காவல் அலுவலர் பதிவு செய்ய வேண்டும்.

குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். வேண்டுதல் எதற்கென்று கோயிலில் உரக்கச் சொல்வதும், தேவாலயத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கக் கேட்பதும் ஊர் முழுதும் அறிவிப்பதற்குச் சமம். பெயரின்றி வேண்டிக்கொள்ளலாம்.

உதவி பெற

குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104 ஆகியவற்றை அழைக்கலாம். தொடர் மனநல சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். வழக்கு முடியும் வரை உடன் வரும் ஆதரவு நபரை நியமிக்கவும், உணவு, உடை, பயணச் செலவுக்கு உடனடி உதவி பரிந்துரைக்கவும் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டுப் பெறலாம். குழந்தையுடன் வரும் தாய்க்கோ பாட்டிக்கோ உறக்கமின்மை, தொடர் அழுகை, பசியின்மை இருந்தால், அதே நாளில் அவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செல்ல வேண்டும். தனி நாள் ஒதுக்கத் தேவையில்லை.